பட அட்டையில் அழகு எது?

கண்ணைப் பறிப்பது வேறு. கண்ணுக்கு இனிமை தருவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கம் பெரியவர்களுக்கே எளிதில் வாய்ப்பதில்லை. குழந்தைகளுக்கு அதைக் கற்றுக் கொடுப்பவர் யார்? பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அதுவே பெரிது. கலைக்கூடங்களுக்கு அழைத்துச் செல்ல நம்மில் பலருக்கு ஓய்வும் கிடைப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே ஒரு சிறு ஓவியக்கூடம் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. சேர்த்து வைப்பதற்கும் ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வதற்கும் என்றே அச்சிடப்படும் பட அட்டைகளைத்தான் சொல்கிறோம்.

ரயில்வே குடியிருப்புகளில் வாழும் அன்பர்கள் இவ்விளையாட்டை அறிவார்கள். விடுமுறை நாளில் மாடிப்படிகளில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பியிருப்பார்கள். தமிழ்ப் பிள்ளை, மராத்தியப் பிள்ளை, வங்காளப் பிள்ளை என்ற வேறுபாடு அங்கே இல்லை. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், மல்யுத்த வீரர்கள், ஜப்பான் நாட்டில் பிறந்த போக்கிமான் என்னும் கற்பனைப் பிராணிகள் ஆகிய உருவங்கள் தாங்கிய அட்டைகள் கை மாறும். பேரம் பாதி இந்தியிலும் பாதி தாய்மொழியிலும் நடக்கும்.

பெற்றோர்கள் இதைப் பார்க்கும் விதம் இரண்டு. ஒரு சாரார், "காசைக் கரியாக்குகிறார்கள்" என்று சினந்து, அட்டைகளைக் குப்பையில் எறிவார்கள். மற்றொரு சாரார், அயல்நாட்டில் ஓர் அட்டை பல கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று என்ற செய்தியைப் படித்துவிட்டு, "நம் பையனிடத்திலும் ஏதேனும் இருக்குமோ?" என்று எண்ணுவார்கள். இரு சாராரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. அட்டையைக் கையில் எடுத்து, அதிலுள்ள படத்தைப் பார்ப்பதே அது. அவ்வாறு பார்த்தால் எது அழகு, ஏன் அழகு என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, பயணச்சீட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தோம். ஓவியம் முறையாகக் கற்றோமில்லை. ஆயினும் சிறிய அட்டை ஒன்றில் எதை எங்கே அச்சிட வேண்டும் என்ற கேள்வி நம் தொழிலுக்கு அயலானதன்று. 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிகாரி, எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டு முறையை உண்டாக்கினார். உலகெங்கும் பரவிய அம்முறை நம் நாட்டிலும் நெடுங்காலம் வழங்கிற்று. அகலம் சுமார் இரண்டேகால் அங்குலம். அவ்வளவு சிறிய இடத்தில் ஊர்ப்பெயரும் வகுப்பும் கட்டணமும் எண்ணும் ஒன்றையொன்று நெருக்காமல் நின்றன. வாசலில் நிற்பவர் ஒரே பார்வையில் அதைப் படித்துவிடுவார். நல்ல பட அட்டைக்கும் முதல் இலக்கணம் இதுதான்.

அட்டை பிறந்த கதை

பட அட்டைகள் முதலில் அழகுக்காகப் பிறக்கவில்லை. ஐரோப்பாவில் இறைச்சிச் சாறு விற்ற லீபிக் என்னும் நிறுவனம், 1870களிலிருந்தே தன் சரக்கை வாங்குவோருக்கு வண்ணப் பட அட்டைகளை வழங்கிற்று. பெரும்பாலும் ஆறு அட்டைகள் கொண்டது ஒரு வரிசை. அந்த வழக்கம் 1975 வரையில் நீடித்தது. அமெரிக்காவிலோ சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறைகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காமலிருக்க உறையினுள் ஒரு விறைப்பான அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையில் ஒரு படம் அச்சிட்டால் வாங்குவோர் மீண்டும் வருவார்களே என்று எண்ணியதும் வியாபாரம் தழைத்தது. ரிச்மண்டு நகரத்து ஆலன் அண்டு ஜின்ட்டர் நிறுவனம் 1880களில் வெளியிட்ட அட்டைகள் இவ்வகையில் புகழ் பெற்றவை.

இங்கிலாந்தில் வில்ஸ், பிளேயர் போன்ற நிறுவனங்கள் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. ஐம்பது அட்டைகள் கொண்ட வரிசைகளாகக் கப்பல்கள், பறவைகள், மலர்கள், கோட்டைகள், புகைவண்டி எஞ்சின்கள் என்று வெளியிட்டன. முன்புறம் படம், பின்புறம் அப்படத்தைப் பற்றிய செய்தி. புத்தகம் வாங்க வசதியற்ற வீடுகளில் அவையே சிறு கலைக்களஞ்சியமாக விளங்கின. உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது, 1940ஆம் ஆண்டில் அவ்வழக்கம் நின்றது. நம் நாட்டில் விற்ற வில்ஸ் நிறுவனத்தின் 'சிசர்ஸ்' சிகரெட்டுகளுடனும் ஒரு காலத்தில் இத்தகைய அட்டைகள் வந்ததுண்டு.

இவ்வரலாற்றில் ஒன்றை மறந்துவிடலாகாது. புகையிலைக் கடை வாயிலில் நின்று, வெளியே வருவோரிடம் "அட்டை இருக்கிறதா?" என்று கேட்டவர்கள் சிறுவர்கள். படம் எவ்வளவு நன்றாயிருந்தாலும், அதன் பின்னே ஒரு தூண்டில் எப்போதும் இருந்திருக்கிறது. இன்றும் இருக்கிறது. மீனை இரசிப்பவர் தூண்டிலையும் அறிந்திருத்தல் நலம்.

நம்மவர்க்கும் இச்சேகரிப்பு முற்றிலும் புதிதன்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி 1923இல் அதைத் தொடங்கினார்கள் என்பது அறிந்த செய்தி. அத்தொழிலோடு தீப்பெட்டிப் படங்களை அச்சிடும் தொழிலும் அங்கே வளர்ந்தது. புலியும் யானையும் தாமரையும் பொறித்த அப்படங்களைப் பெட்டியிலிருந்து நனைத்து எடுத்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்த சிறுவர்கள் எத்தனை பேர்! நம் தந்தையர் தலைமுறை சேர்த்ததும் பிள்ளைகள் சேர்ப்பதும் ஒரே ஆசையின் இரண்டு வடிவங்கள்.

ஓர் உருவம், ஒரு பின்புலம்

இனி அட்டையைக் கையில் எடுப்போம். முதலில் கண்ணில் படுவது உருவம். நல்ல அட்டையில் உருவம் ஒன்றே இருக்கும். அல்லது ஒன்று தலைமையாகவும் மற்றவை அதற்கு அடங்கியும் இருக்கும். கையளவு இடத்தில் கூட்டத்தைத் திணித்தால் ஒருவர் முகமும் தெரியாது. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். உருவத்தின் வெளிக்கோடு அப்போதும் தெளிவாகத் தெரிந்தால், வரைந்தவர் தம் தொழிலை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, பின்புலத்தின் நிறம். அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் 1909 முதல் 1911 வரையில் வெளியிட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் அட்டைகளை இதற்குச் சான்றாகக் கூறலாம். சேகரிப்போர் அவற்றை 'டி 206' என்று அழைக்கின்றனர். அகலம் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. உயரம் சற்றேறக்குறைய இரண்டரை அங்குலம். பல அட்டைகளில் ஆட்டக்காரரின் மார்பளவு உருவம் மட்டுமே இருக்கும். பின்னே மைதானமில்லை, கூட்டமில்லை. ஒரே நிறம் பரவியிருக்கும். டை காப் என்னும் ஆட்டக்காரருக்கு அவ்வரிசையில் நான்கு அட்டைகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் முகத்தின் பின்னே சிவப்பு; மற்றொன்றில் பச்சை. ஒரே மனிதர், ஆனால் சிவப்பின் முன் அவர் சினங்கொண்டவர் போலவும், பச்சையின் முன் சற்று அமைதி கொண்டவர் போலவும் நமக்குத் தோன்றுகிறார். நிறம் செய்யும் வேலை அது.

அக்காலத்தில் இப்படங்கள் கல்லச்சு முறையில் அடிக்கப்பட்டன. நிறம் ஒன்றுக்கு ஒரு பதிப்பு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பலமுறை அச்சேற வேண்டும். ஒரு பதிப்பு மயிரிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். ஆகவே நிறங்களைத் தேர்ந்து அளவோடு பயன்படுத்தினார்கள். வேண்டிய அளவு நிறம் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் அந்த அளவு தவறிவிடுகிறது. பத்து நிறங்களும் ஒரே உரத்த குரலில் கத்தினால் எதையும் கேட்க முடியாது.

சட்டமும் எழுத்தும்

மூன்றாவது, ஓரம். படத்தைச் சுற்றிலும் விடப்படும் வெள்ளை இடத்தை வீண் என்று நினைப்பவர் உண்டு. வீட்டு வாசலில் நிலை எதற்கு இருக்கிறதோ, அதற்கே அட்டையில் ஓரம் இருக்கிறது. "இங்கே நின்று உள்ளே பார்" என்று அது கண்ணுக்குச் சொல்கிறது. நான்கு பக்கமும் ஓரம் ஒத்திருந்தால் மனம் அமைதி கொள்கிறது. ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கும் ஏதோ கோணல் என்று தோன்றும். அட்டைகளைத் தரம் பிரித்து எண் கொடுக்கும் நிறுவனங்கள் அயல்நாட்டில் இருக்கின்றன. அவை நோக்குவன நான்கு: மூலைகள் கூர்மையாயிருக்கின்றனவா, விளிம்புகள் சிதையாதிருக்கின்றனவா, பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவே அமைந்திருக்கிறதா என்பன.

நான்காவது, எழுத்து. பெயரை எங்கே எழுதுவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பதில் பல அட்டைகள் கெட்டுப் போகின்றன. இதில் சிறந்த பாடம் கற்பித்தது டாப்ஸ் என்னும் சூயிங்கம் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு வரிசை. சை பெர்கர் என்னும் இளைஞர் புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, உட்டி கெல்மன் என்பவரோடு சேர்ந்து அதை வகுத்தார். அட்டைகள் மொத்தம் 407. முந்திய அட்டைகளைவிடப் பெரியவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு வண்ணமேற்றி ஆட்டக்காரரின் உருவத்தை அமைத்தார்கள். கீழே ஒரு பெயர்ப் பலகை. அதில் அச்செழுத்தில் பெயர். அதனடியில் அவருடைய கையெழுத்தின் சாயல். பக்கத்தில் அணியின் சின்னம். பின்புறத்தில் அவர் ஆடிய ஆட்டங்களின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்கவில்லை. பெரிய மனிதரின் கையெழுத்தைத் தன் பையில் வைத்திருப்பதாக ஒரு சிறுவன் உணர்ந்தால், அவ்வுவகைக்கு விலை ஏது? 1957இல் அந்நிறுவனம் அட்டையின் அளவை அகலம் இரண்டரை, உயரம் மூன்றரை அங்குலமாகக் குறைத்தது. இன்றளவும் பெரும்பாலான பட அட்டைகளுக்கு அதுவே அளவு. சிறுவனின் உள்ளங்கையில் அடங்கும். ஆயினும் முகம் தெரியும்.

வரிசையின் அழகு

தனி அட்டைக்கு அழகுண்டு; ஆனால் சேகரிப்பவரை ஆட்கொள்வது வரிசையின் அழகு. ஓர் அட்டையில் '23' என்ற எண்ணைப் பார்த்ததும் 22 எங்கே, 24 எங்கே என்று மனம் தேடத் தொடங்குகிறது. ஒரே சட்டம், ஒரே எழுத்து, ஒரே அளவு. உள்ளே உருவம் மட்டும் மாறுகிறது. ஒரு குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளைப் போல ஒற்றுமையும் வேற்றுமையும் கலந்திருத்தலே வரிசையின் இலக்கணம். ஒற்றுமை மட்டும் இருந்தால் சலிப்பு. வேற்றுமை மட்டும் இருந்தால் குப்பல்.

1996ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் அட்டைகள் இதை நன்கு காட்டுகின்றன. சட்டமும் எழுத்தும் ஒரே முறையில் அமைந்தாலும், ஒவ்வோர் அட்டையின் அடியிலும் அப்படத்தை வரைந்த ஓவியரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. தொடக்க வரிசையில் பிகாச்சு, சாரிசார்ட் முதலியவற்றை வரைந்தவர் மிட்சுஹிரோ அரிதா. யூகா மோரீ என்னும் பெண்மணி களிமண்ணால் உருவம் செய்து புகைப்படம் எடுக்கிறார். அசாகோ இட்டோ என்பவரோ நூலாலும் கம்பளியாலும் பொம்மை பின்னிப் படமெடுக்கிறார். இவ்வளவும் ஒரே வரிசைக்குள் இருக்கின்றன. வண்டி வண்டியாக வாங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பெயரைத் தேடத் தொடங்குவார்கள். வரைந்தவர் பெயரைத் தேடும் பிள்ளை, பின்னொரு நாள் கோயில் சிற்பத்தின் முன் நின்றாலும் செய்தவர் யார் என்று எண்ணாமல் இருக்க மாட்டான்.

ஒளியும் மினுக்கும்

இப்போது கடைகளில் மிகுதியாக விற்பன பளபளக்கும் அட்டைகள். பளபளப்பைக் குற்றமென்று தள்ளிவிட முடியாது. அதற்கும் ஒரு முறை உண்டு. ஒளியை வானவில்லாகச் சிதறடிக்கும் நுண்ணிய வரிகள் கொண்ட தகட்டின் மேல் இப்படங்களை அச்சிடுகிறார்கள். 1989இல் அமெரிக்காவின் அப்பர் டெக் நிறுவனம் போலிகளைத் தடுப்பதற்காக அட்டையில் ஒரு சிறு ஒளிப்படத்தைப் பதித்தது. போக்கிமானின் தொடக்கக் கால மினுங்கும் அட்டைகளில் மினுக்கம் படத்துக்குரிய சதுரத்தினுள் மட்டும் இருக்கும். அதிலும் பிராணியின் உருவம் மங்கலாக நிற்க, பின்புலம் மட்டுமே ஒளிரும். ஆகையால் உருவம் முன்னே வந்து நிற்கிறது. விளக்கு பின்னே இருந்து மூர்த்தியை எடுத்துக் காட்டுவதைப் போன்றது இது.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நிகழ்ந்ததொன்றைக் கூறலாம். பக்கத்து வீட்டுப் பையன் பத்து வயதினன். பொங்கலுக்குப் பெரியோர் கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து, கடைத்தெருவில் ஒரு கட்டுத் தங்கநிற அட்டைகளை வாங்கி வந்தான். ஐம்பதுக்கு மேற்பட்டவை; அத்தனையும் போலி. படியில் உட்கார்ந்திருந்த மூத்த பிள்ளைகள் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். ஒருவரும் ஓர் அட்டைக்குக்கூட மாற்றுத் தர முன்வரவில்லை. பையன் அழுதுகொண்டு வீடு சேர்ந்தான். தகப்பனார் சினம் மூண்டு, நல்லது பொல்லாதது பாராமல் அவனுடைய பெட்டி முழுவதையும் தூக்கி எறிய எழுந்தார். அவ்வேளையில் நாம் அங்கிருக்க நேர்ந்தது.

"சற்றுப் பொறுங்கள் சார்" என்று பெட்டியை வாங்கி, எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். "தம்பி, விலையை மறந்துவிடு. இவற்றுள் உனக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடு" என்றோம். பையன் தங்கக் கட்டைத் தொடவே இல்லை. நெடுநேரம் பார்த்து, மூலை மடங்கிய பழைய அட்டை ஒன்றை எடுத்தான். மரத்தடியில் ஒரு சிறு பிராணி உறங்கும் படம் அது. மினுக்கம் எதுவும் அதில் இல்லை. "ஏன் இது?" என்று கேட்டோம். "இது தூங்குது மாமா. வெயில் இலை வழியா அது முதுகு மேல விழுது பாருங்க" என்றான். தகப்பனார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மகனிடமே கொடுத்தார்.

தங்க அட்டையைப் பழைய அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது குறை எங்கே என்று விளங்கிற்று. தங்க அட்டையில் உருவம், ஓரம், எழுத்து எல்லாம் ஒன்றேபோல் மினுங்கின. எல்லாம் மினுங்கியதால் எதுவும் தெரியவில்லை. பையன் தேர்ந்த அட்டையிலோ இலை வழியே விழும் ஒளி ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. அந்த ஓரிடம் கண்ணை இழுத்தது. ஏமாற்றப்பட்ட பிறகும் அவன் கண் ஏமாறவில்லை. பிள்ளைகளிடம் இயல்பாக உள்ள அந்தக் கண்ணைக் காப்பதே நம் கடமை.

விலையும் அழகும்

விலைமிக்க அட்டை அழகுமிக்கதாகத்தானே இருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். முன்பு கூறிய டி 206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டையும் ஒன்று. அவர் இசையாததால் அவருடைய அட்டையை அச்சிடுவது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72½ லட்சம் டாலருக்கு விற்றது. படத்தைப் பார்த்தால் செம்மஞ்சள் பின்புலத்தின் முன் மார்பளவு உருவம், நல்ல படம்தான். ஆனால் அதே வரிசையில் அதே முறையில் அச்சிட்ட, அவ்வளவே அழகிய படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை அவ்விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கும் பெறுவதில்லை. வேறுபாடு அழகில் இல்லை, கிடைப்பருமையில் இருக்கிறது.

1952ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையின் 311ஆம் அட்டையில் இருப்பவர் மிக்கி மேன்டில். அது 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தனைக்கும் அது அவருடைய முதல் அட்டையன்று. முந்திய ஆண்டிலேயே பவுமன் என்னும் நிறுவனம் அவர் படத்தை வெளியிட்டிருந்தது. ஆயினும் மக்கள் பெரிதும் நாடுவது பிந்தியதைத்தான். நீலப் பின்புலத்தின் முன் மஞ்சள் மட்டையைத் தோளில் தாங்கி, எங்கோ நோக்கி நிற்கும் இளைஞனின் அத்தோற்றம் மனத்தில் பதிந்துவிடுகிறது. இங்கே அழகுக்கும் பங்குண்டு. ஆனால் அருமைக்கும் பங்குண்டு. ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் வந்ததால் அவ்வரிசையின் கடைசி அட்டைகள் விற்கவில்லை. எஞ்சிக் கிடந்த பெட்டிகளை 1960இல் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் கூறினார்.

இச்செய்திகளைக் கேட்டு மயங்கியவர்களின் கதையும் உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பலர், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகுமென்று அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். நிறுவனங்களும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லோரும் சேர்த்து வைத்த பொருள் அருமையாவது எங்ஙனம்? 1990களில் விலை விழுந்தது. பிரிக்காத பெட்டிகள் பரணில் தூங்கின. அவர்கள் இழந்தது பணம் மட்டுமன்று. பெட்டியைப் பிரிக்காததால் படத்தைப் பார்த்த இன்பமும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஒரு தொழிலாளியின் செல்வம்

இவர்களுக்கு நேர்மாறான ஒருவரை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஜெபர்சன் பர்டிக் என்பவர் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், 1900இல் பிறந்தார். குடும்பமில்லை, கீல்வாத நோய் கைவிரல்களை முடக்கிற்று. கூலியில் மிச்சம் பிடித்து அவர் சேர்த்த அட்டைகளும் அச்சுப் படங்களும் 3,00,000க்கு மேல்; அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல். 'டி 206' முதலிய பெயர்களை வகுத்து, அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் எழுதியவரும் அவரே.

அவற்றை அவர் விற்கவில்லை. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு அளித்துவிட்டார். அளித்ததோடு நில்லாமல், தாமே அங்கு வந்து ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்து, நோவெடுக்கும் விரல்களால் ஒவ்வோர் அட்டையாக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அவ்வேலை முடிந்தது. இரண்டு மாதங்களில் அவர் காலமானார். உலகப் புகழ் பெற்ற ஓவியங்கள் இருக்கும் அதே மாளிகையில், சிகரெட்டுப் பெட்டியில் செருகிய சிறு அட்டைகளும் இன்று இருக்கின்றன. வாக்னர் அட்டையும் அவற்றுள் ஒன்று. அது எத்தனை லட்சம் பெறும் என்று அவர் கணக்கிட்டிருந்தால், அது இன்று ஏதேனும் ஒரு செல்வரின் இரும்புப் பெட்டியில் கிடந்திருக்கும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, அட்டைகளை எறியாதீர்கள். பிள்ளை தானே தேர்ந்து, தானே வரிசைப்படுத்திய முதல் உடைமை அது. செலவுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூடிய பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப வாங்குவது சீட்டாட்டத்தின் தம்பி. இரண்டு உள்ளதைக் கொடுத்து இல்லாததைப் பெறுவதே இவ்விளையாட்டின் நல்ல பகுதி.

இரண்டாவது, போலியை அறியக் கற்றுக் கொடுங்கள். எழுத்துப் பிழை, மங்கிய எழுத்து, பின்புறத்தில் மாறிய நிறம், மெலிந்த அட்டை ஆகியவை அடையாளங்கள். அசல் போக்கிமான் அட்டையின் நடுவே கருநிற அடுக்கு ஒன்று உண்டு. விளிம்பை உற்று நோக்கினால் மெல்லிய கோடாகத் தெரியும்.

மூன்றாவது, காக்கும் முறை. ரப்பர் வளையம் விளிம்பைத் தின்னும். பசை பின்புறத்தைக் கெடுக்கும். மழைக்கால ஈரம் அட்டையை வளைக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிட்டு உலர்ந்த பெட்டியில் வைத்தால் போதும்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது. வாரத்தில் ஒரு நாள் கால் மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, "உனக்குப் பிடித்ததைக் காட்டு, ஏன் பிடித்தது என்று தமிழில் சொல்" என்று கேளுங்கள். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசுகின்றன. வீட்டுத் தமிழோ சோறு, குளியல், தூக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஓரம், விளிம்பு, சாயல், நிழல், பின்புலம், செம்மஞ்சள், கருநீலம் ஆகிய சொற்களை அவர்கள் எங்கே கேட்பார்கள்? கையில் ஓர் அழகிய பொருளை வைத்துக்கொண்டு கேட்கும் சொல் மறப்பதில்லை. பெயர் தெரிந்த நிறத்தைக் கண் இன்னும் கூர்ந்து பார்க்கும். கூர்ந்து பார்க்கும் கண்ணை எந்தக் கடைக்காரரும் தங்க முலாம் காட்டி எளிதில் ஏமாற்ற முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். செலவு ஏதுமில்லை, அட்டைகள் வீட்டில் இருக்கின்றன.